‘ரெசிப்ரோகேட்டிங் சா’வுக்கு ‘முன்பின் ரம்பம்’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பெங்களூரில் பழைய வீடுகளைப் பிரித்து உள்வேலை செய்யும் குழுக்களில் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக மின்கருவிப் பாதுகாப்புக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதி வருவதால், ‘ரெசிப்ரோகேட்டிங் சா’ (பிளேடு முன்னும் பின்னும் ஓடி அறுக்கும், கையில் பிடிக்கும் மின்ரம்பம்) என்பதற்கான தமிழ்க் கலைச்சொல்லை விரைவில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இங்கே கன்னடத்தில் ‘கரகச’ என்றும் இந்தியில் ‘ஆரி’ என்றும் ரம்பத்துக்குப் பொதுப்பெயர் உண்டு. இந்தக் கருவியை மட்டும் ‘ரெசிப்ரோ’ என்று சுருக்கிச் சொல்லிக்கொள்கிறார்கள்.

குழுவில் இதுவரை வந்த மூன்று பரிந்துரைகளையும் கருவியின் இயக்கத்தோடு பொருத்திப் பார்த்தேன். ‘பரிமாற்று ரம்பம்’ என்பதில் கொடுக்கல் வாங்கல் பொருளே முந்தி நிற்கிறது. அலைவின் அளவை ‘வீச்சு’ என்னும் இயற்பியல் பாடநூலுக்கு ‘வீச்சு ரம்பம்’ நெருக்கமானதுதான். ஆனால் வேலை செய்பவர் காதில் அது வீச்சரிவாளை நினைவூட்டும், இந்தக் கருவியையோ ஒருபோதும் வீசக் கூடாது. ‘தள்ளிழு ரம்பம்’ அழகான ஆக்கம். ஆயினும் தள்ளி இழுப்பது கைரம்பத்தில் நம் கை செய்யும் வேலை. இதில் கை அசையாமல் நிற்க, பிளேடு மட்டுமே ஓட வேண்டும் என்பதால் அதையும் ஏற்க இயலவில்லை.

ஆகவே ‘முன்பின் ரம்பம்’ என்பதை முன்மொழிகிறேன். ‘முன்பின் தெரியாதவர்’ என்ற வழக்கோடு குழம்பும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அடுத்து ‘ரம்பம்’ என்று வரும்போது அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. மேலும், இக்கருவியின் ஆபத்துகளை விளக்க ‘முன்’, ‘பின்’ என்ற இரண்டு சொற்களும் தேவைப்படுகின்றன.

பிளேடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 முறை வரை, ஒவ்வொரு முறையும் சுமார் 3 சென்டிமீட்டர் ஓடுகிறது. பெரும்பாலான பிளேடுகள் பின்னோக்கி வரும்போதுதான் அறுக்கின்றன. அந்த இழுப்பு, அறுபடும் பொருளைக் கருவியின் முன்னுள்ள தகட்டோடு சேர்த்துப் பிடிக்கிறது. தகடு பொருளில் அழுந்தியிருக்காவிட்டால் அறுபடுவதற்குப் பதிலாகக் கருவியும் கைகளும் குலுங்கும். அந்தத் தகட்டுக்கு ‘முட்டுத்தகடு’ என்ற பெயர் பொருந்தும், ஏனெனில் ‘முட்டுக் கொடுப்பது’ கட்டட வேலையில் அன்றாடம் புழங்கும் சொல். முன்னோக்கிய ஓட்டத்தில் ஆபத்து பிளேடின் நுனியில் இருக்கிறது. பிளேடு முழுவதுமாகப் பின்வாங்கிய நிலையிலும் அதன் நுனி மறுபுறம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்கு நீளம் வேண்டும். குட்டையான பிளேடின் நுனி உள்ளே முட்டினால் கருவி எகிறும். தொழிலாளர்கள் ‘உதைக்குது’ என்கிறார்கள். ‘உதைப்பு’ என்றே கலைச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம்.

சுவரை அறுப்பவருக்கு நுனி செல்லும் இடம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் உள்ளே ஓடும் மின்கம்பி, தண்ணீர்க் குழாய் இரண்டின் இணைப்பையும் முன்கூட்டியே நிறுத்த வேண்டும் என்பதைக் குறிப்பின் முதல் வரியாக வைத்திருக்கிறேன்.

பிளேடுக்கு ‘அலகு’ என்று ஓர் அம்மா பரிந்துரைத்தார். நல்ல பழஞ்சொல்தான், ஆனால் அளவுகள் வரும் வாக்கியத்தில் அது தடுமாற்றம் தரும். மரத்துக்கு அங்குலத்துக்கு 6 பல், இரும்புக்கு 14 முதல் 24 பல் என்று எழுதும்போது ‘பிளேடு’ என்றால் எல்லோருக்கும் புரியும். மெல்லிய தகட்டை அறுக்கையில் குறைந்தது மூன்று பற்களாவது ஒரே நேரத்தில் தகட்டின் மேல் இருக்க வேண்டும்.

பராமரிப்புப் பகுதிக்குப் புதுச்சொல் அதிகம் தேவைப்படவில்லை. பிளேடு மாற்றும்முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும், பேட்டரிக் கருவியானால் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அறுத்து முடித்த பிளேடு சுடும் என்பதால் கையுறை அவசியம். பிளேடைக் கவ்வும் பகுதியில் சேரும் தூளையும் காற்றுத் துளைகளையும் துப்புரவாக்க வேண்டும், மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்ற வேண்டும்.

ஒரு சொல் மட்டும் இன்னும் பாக்கியிருக்கிறது. சில கருவிகளில் பிளேடு நேராக ஓடாமல், சற்றே மேலும் கீழுமாக வளைந்து ஓடும்படி செய்யும் ஒரு விசை (சுவிட்ச்) இருக்கும். மரத்தை அது விரைவாக அறுக்கும்; இரும்புக்கு அதை நிறுத்திவிட வேண்டும். இந்த ஓட்டத்துக்கு ‘வளைவோட்டம்’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.