அம்மாவோட சுங்குடிச் சேலையில குழந்தைக்கு விரிப்பு தைக்கலாமா?

கேள்வி:
அம்மா பதினைஞ்சு வருஷம் கட்டின மதுரைச் சுங்குடி, அரக்குக் கலர். கொசுவம் வர்ற இடத்துல இத்துப் போச்சு. தூக்கிப் போட மனசு வரல. என் மகளுக்கு ஏழு மாசம், இப்பதான் தவழறா. அவளுக்கு இதுல மெத்துன்னு ஒரு விரிப்பு தைக்கணும். மெஷின் கிடையாது, கையாலதான். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பதில் 1:
தாராளமா தைக்கலாம்மா. முதல்ல சேலையை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. சல்லடை மாதிரி தெரியிற இடம் உள்மடிப்புக்குப் போகணும். முந்தானையை வெட்டித் தனியா வைங்க. மீதி சுமார் 4.6 மீட்டரை நாலா மடிச்சா கிட்டத்தட்ட சதுரமா வரும். பாய்ல விரிச்சு, நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நீவி விட்டு, பெரிய பெரிய தையலா போட்டு நிறுத்துங்க. அப்புறம் விரலகல இடைவெளியில ஓட்டுத்தையல். நூலை இழுத்துப் பிடிச்சா துணி சுருங்கிடும், நிதானமா போங்க. என் பேரனுக்குத் தைக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு.

பதில் 2:
வங்காளத்துல காந்தாங்கிற கைத்தையல் விரிப்பும் இப்படித்தான். பழைய சேலைகளை அடுக்கி, கரையிலேர்ந்து உருவின நூலாலேயே தைப்பாங்க. ஜரிகை இருந்தா எடுத்துடுங்க, குழந்தை கன்னத்தை உரசும். ஈர வெள்ளைத் துணியால தேய்ச்சு, சாயம் விடுதான்னும் பார்த்துக்குங்க.

கேட்டவர்:
பார்த்தேன், சாயம் விடல. நேத்து ராத்திரி நாலு வரிசை முடிஞ்சது. முந்தானையில ஒரு கிழிசலை அம்மா பொடிப்பொடியா இழையோட்டியிருக்காங்க. அந்தத் துண்டை மட்டும் வெட்டி, விரிப்போட ஒரு மூலையில வெச்சுத் தைக்கப் போறேன்.