எட்டு நோயாளிக்கு ஒரு கழிப்பறை என்று நீதிபதி சொல்லலாமா?

செல்வமணி:
அமெரிக்க நீதிபதி ஃபிராங்க் ஜான்சனுக்கு இங்கே எல்லாரும் மாலை போடுகிறீர்கள். 1955-ல் அதிபர் ஐசனோவர் அவரை அலபாமா மாநிலத்தில் கூட்டாட்சி விசாரணை நீதிபதியாக நியமித்தார்; பதவியேற்றபோது வயது 37. மறு வருடமே மூவர் அமர்வில் இருந்து, மாண்ட்கோமரி பேருந்துகளில் இனப்பிரிவினை செல்லாது என்றார். அந்தத் தீர்ப்பில் எனக்கும் மரியாதைதான். ஆனால் 1972-ல் அலபாமா அரசு மனநல மருத்துவமனைகளுக்கு எட்டு பேருக்கு ஒரு கழிப்பறை, அறைக்கு ஆறு பேருக்கு மேல் கூடாது என்று பட்டியல் போட்டது நீதிபதியின் வேலையா? பணம் ஒதுக்குவது சட்டமன்றம். அவர்கள் சரியில்லை என்றால் தேர்தலில் தோற்கடிக்கலாம். ஆயுள் முழுக்கப் பதவியில் இருப்பவரை யார் கேட்பது?

கயல்விழி:
செல்வா அண்ணா, பட்டியலுக்கு முன்னால் நடந்ததை விட்டுவிட்டீர்கள். அங்கே பிரைஸ் என்ற அரசு மனநல மருத்துவமனையில் ஐயாயிரம் நோயாளிகள். அதற்குப் பணம் வந்த சிகரெட் வரி வருமானம் குறைந்ததென்று ஊழியர்களை நீக்கினார்கள். 1970-ல் வழக்கு வந்தது. வழக்குப் பெயரில் இருப்பவன் மனநோயே இல்லாமல் அங்கே அடைக்கப்பட்ட பதினைந்து வயதுப் பையன். சிகிச்சைக்கென்று ஒருவரைக் கட்டாயமாக அடைத்தால் சிகிச்சை தந்தாக வேண்டும் என்று ஜான்சன் 1971-ல் தீர்ப்பளித்து, மாநிலத்துக்கு ஆறு மாதம் கொடுத்தார். அவர்கள் ஒப்பேற்றப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த எண்கள் வந்தன.

செல்வமணி:
அவகாசம் கொடுத்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வழக்கு முடிந்தது 2003-ல், தங்கச்சி! 33 வருடம். நீதிமன்ற உத்தரவால் மருத்துவமனை நடத்த முடியாது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

முத்துவேல்:
எனக்கு இவர் மேல் நேர்மாறான குறை. 1965 மார்ச் 7, அலபாமாவின் செல்மா நகரப் பாலத்தில், ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. விசாரணை முடியும்வரை ஊர்வலம் கூடாது என்று தடை போட்டவர் இதே ஜான்சன்தான். ரத்தம் காயாத நேரத்தில் என்ன பொறுமை?

கயல்விழி:
முத்து, எதிர்த்தரப்பைக் கேட்காமல் உத்தரவிட்டிருந்தால் அந்த உத்தரவு மேல்முறையீட்டில் நிற்குமா? தடை போட்ட எட்டே நாளில், மார்ச் 17-ல் அனுமதி கொடுத்தார். இழைத்த அநீதி எவ்வளவு பெரிதோ, ஊர்வல உரிமையும் அவ்வளவு பெரிது என்ற அந்த வாதம் அதுவரை யாரும் துணியாதது. சட்டக் கல்லூரியில் உடன் படித்து, பின்னாளில் அலபாமா ஆளுநரான ஜார்ஜ் வாலஸ் அவரைத் திட்டித் திட்டியே ஓட்டு வாங்கினார். 1967-ல் ஜான்சனின் அம்மா வீட்டில் குண்டு வெடித்தது. அண்ணா சொல்லும் தேர்தல் அந்த ஊரில் இப்படித்தான் நடந்தது. 1976-ல் அலபாமா சிறைகள் பற்றிய வழக்கில் ஜான்சன் எழுதியதைப் படியுங்கள்: நாலடிக்கு எட்டடி தனியறையில் ஆறு கைதிகள் வரை. கட்டில் இல்லை, விளக்கு இல்லை, கழிப்பறைக்குத் தரையில் ஒரு ஓட்டை.

செல்வமணி:
அந்த அறையை மூடச் சொன்னதை நானும் எதிர்க்கவில்லை. ஆளுக்கு அறுபது சதுர அடி என்று எண்ணையும் அவரே எழுதியதைத்தான் இன்னும் ஏற்க முடியவில்லை.