கினிகத்தேனை ஏற்றமும் கென்டருக்குப் போட்ட இரண்டாவது இஞ்சினும்

நுவரெலியாவில் கரட், லீக்ஸ் ஏற்றிக்கொண்டு கொழும்புப் பக்கம் பேலியகொடைச் சந்தைக்கு இறங்குவது பெரிய வேலையில்லை. திரும்பி வரும்போது உரமோ மாவோ ஏற்றினால்தான் கணக்குக் கட்டும். அந்தச் சுமையோடு கித்துல்கலை தாண்டி கினிகத்தேனை ஏறும்போது என் பழைய மிட்சுபிஷி கென்டர் லொறி இரண்டாவது கியரில் முனகும். பின்னால் வரும் ஹட்டன் பஸ் ஹோர்ன் அடித்தே உயிரை எடுக்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் லொறி மாற்றும் யோசனைக்கே இடமில்லாமல் போனது. இருப்பதில்தான் இழுவை கூட்டவேண்டும். முதலில் செய்தது முட்டாள்தனம். என்னுடையது 4டி33 இஞ்சின், 4,214 சிசி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது. ஒரு கராஜில் டீசல் பம்ப் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டிவிட்டார்கள். ஒரு வாரம் நல்ல சந்தோஷம். அப்புறம் பார்த்தால் தலவாக்கலைக்கு மேலே பின்னால் வருபவனுக்கு ரோடு தெரியாத அளவுக்குக் கரும்புகை.

காரணம் பிறகுதான் புரிந்தது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். கொழும்பில் கிடைக்கும் காற்றில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்குதான் அங்கே. டர்போ இல்லாத இஞ்சின் அதை மட்டும்தான் இழுக்கும். காற்றே பற்றாத இடத்தில் நான் டீசலை ஊற்றிக்கொண்டிருந்தேன். எரியாதது புகையாகப் போனது, சூடு ஹெட்டில் தங்கியது. ஆறு மாதத்தில் ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டும் வளைந்துவிட்டது. புகைப் பரிசோதனையிலும் பெயில். அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது, சரிதானே.

பழகிய பையன்கள் எல்லாரும் "6டி16 போடுங்க அண்ணே, ஏழரை லீட்டர், மலையே அசையும்" என்றார்கள். ஆசைதான். ஆனால் ஆறு சிலிண்டர் பாரத்தை முன் அச்சு தாங்கவேண்டும், கியர் பெட்டி தாங்கவேண்டும், பிரேக் தாங்கவேண்டும். ஒரு இஞ்சினுக்காக லொறி முழுவதையும் மாற்றுவதற்கு நான் தோட்டத்துரை இல்லை.

கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் மூன்று நாள் அலைந்து 4டி34 டர்போ ஒன்றைப் பிடித்தேன். 3,907 சிசி. "இருந்ததை விடச் சின்ன இஞ்சினா?" என்று சிரித்தார்கள். இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 115 மில்லிமீட்டர்தான். சிலிண்டர் விட்டம்தான் 108லிருந்து 104 ஆகக் குறைகிறது. அந்தக் குறையை டர்போ தள்ளும் காற்று ஈடுகட்டிவிடும். ஒரே குடும்பம் என்பதால் மவுண்டிங்கில் பெரிதாக வெட்டி ஒட்டும் வேலை வரவில்லை. பழைய இஞ்சினுக்கே வெளியிலிருந்து டர்போ பூட்டலாம் என்றும் ஒருவர் சொன்னார். டர்போ இல்லாமல் ஓடவென்று செய்த பிஸ்டனும் கம்ப்ரெஷனும் அந்த அழுத்தத்துக்கு எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

இஞ்சினோடு செலவு நிற்கவில்லை. பெரிய றேடியேட்டர், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், கிளட்ச் பிளேட். எல்லாவற்றிலும் உருப்படியான செலவு டர்போவுக்கு முன்னால் பூட்டிய எக்சோஸ்ட் சூட்டு மீட்டர்தான். முள் 700 பாகை செல்சியஸை நெருங்கினால் காலை எடுத்துவிட்டு ஒரு கியர் குறைப்பேன். இப்போது அதே சுமையோடு கினிகத்தேனையை மூன்றாவது கியரில் ஏறுகிறேன். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிய இஞ்சின் இலக்கத்தை வாகனப் பதிவுப் புத்தகத்தில் பதிய மறக்காதீர்கள். நான் தாமதித்து அலைந்தேன்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

ஹப்புத்தளையிலிருந்து: அண்ணே, என்னுடையது இசுசு எல்ஃப் லொறி, 4எச்எஃப்1 இஞ்சின். பெரகலையிலிருந்து ஹப்புத்தளை ஏறுவதுதான் எனக்குத் தலைவலி. நான் இஞ்சினைத் தொடவே இல்லை, பின் அச்சு டிஃப்பெரன்ஷலில் கிரவுன், பினியன் என்ற பற்சக்கரங்களின் பல் கணக்கை மாற்றினேன். குதிரை சக்தி அதேதான், சில்லுக்குப் போகும் இழுவை கூடியது. ஆனால் இரத்தினபுரி தாண்டிச் சமதரைக்கு வந்தால் இஞ்சின் கத்தும், வேகம் வராது. தோட்டத்துக்கும் பெக்டரிக்கும் மட்டும் ஓடும் கொழுந்து லொறிக்கு இதுவே போதும். கொழும்பு ஓட்டத்துக்குச் சொல்லமாட்டேன்.

பொகவந்தலாவையிலிருந்து: டர்போ போட்டவர்களுக்கு ஒன்று. ஏறி வந்த கையோடு சாவியைத் திருப்பி நிறுத்தாதீர்கள். தேநீர் அவசரத்தில் நான் தினமும் அப்படித்தான் செய்தேன். ஒயில் ஓட்டம் நின்று, ஷாஃப்டில் இருந்த ஒயில் கருகி, பேரிங்கும் சீலும் போய்விட்டன. இப்போது இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டுத்தான் இறங்குகிறேன். கராஜ் பாஸ் அன்றைக்கே சொன்னார், நான்தான் கேட்கவில்லை.

ஹப்புத்தளையிலிருந்து: இறக்கத்தில் எப்படி அண்ணே? புகைக்குழாயை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்சோஸ்ட் பிரேக் பழையதே சேர்ந்ததா?

பதில்: சேரவில்லை தம்பி. டர்போவுக்குப் பிறகு வரும் குழாய் அளவு வேறு, பழைய வால்வு பொருந்தவில்லை. சரியானது கிடைக்க இரண்டு நாளாகும் என்றார்கள். மரக்கறி வாடிவிடும் என்று அது இல்லாமலே சுமையோடு இறங்கினேன். கினிகத்தேனைக்குக் கீழே பிரேக் கருகும் வாடை கெபினுக்குள்ளேயே வந்தது, பெடலும் அமுங்கிப் போனது. முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து கித்துல்கலை வந்து, ஒரு கடை ஓரத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தேன். கை நடுக்கம் நிற்க இரண்டு பிளேன்டீ தேவைப்பட்டது.