வாலாஜாவில் பூட்டிக் கிடக்கும் தாத்தா வீடு: குடியிருக்கச் சீரமைக்க முடியுமா?

கேள்வி: பாலாற்றங்கரையான்

வாலாஜாபேட்டையில் எங்கள் தாத்தா கட்டிய வீடு, பாட்டி காலமான பிறகு பல ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கிறது. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட கூரை), நடுவில் முற்றம், பின்கட்டு முழுவதும் நாட்டு ஓடு. ராணிப்பேட்டையில் வேலை பார்க்கும் நான் அம்மா, மனைவி, இரு பிள்ளைகளுடன் அங்கே குடிபோக விரும்புகிறேன். பார்க்க வந்த மேஸ்திரி ஒருவர் இடித்துக் கட்டச் சொல்கிறார். மற்றொருவர், உப்பு பூத்த சுவர்களைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினால் போதும் என்கிறார். ஓர் உத்தரத்தில் கரையானும் ஏறியிருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: காட்பாடி பொறியாளர் (ஓய்வு)

இருவர் யோசனையையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இடித்துக் கட்டினால் மேஸ்திரிக்கு வேலை அதிகம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய செங்கல் சுவர், தரையிலிருந்து ஏறும் ஓதத்தை மேற்பரப்பு வழியே காற்றில் விட்டுவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலும் உயரத்துக்கு ஏறி, சில மழைக்காலங்களுக்குள் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும்.

ஐப்பசி மழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றி, ஒழுக்கை நிறுத்துங்கள். அடுத்து வெளிப்புறத்தைக் கவனியுங்கள். சாலை போடப் போடத் தெரு மட்டம் உயர்ந்து, மழைநீர் சுவரடியில் தேங்கும் நிலை இருந்தால், வடிகால் வெட்டாமல் உள்ளே எந்த வேலை செய்தாலும் வீண்தான். பிறகு ஒரு கோடை முழுவதும் சுவரைக் காய விடுங்கள். 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயிலுக்கு இருக்கும் ஒரே நற்பயன் இதுதான். காய்ந்த பின் சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் வெள்ளை. பிளாஸ்டிக் பெயிண்ட் கூடவே கூடாது.

மெட்ராஸ் டெரஸில் மரம் முதலில் உளுத்துப்போவது சுவருக்குள் புதைந்த முனைகளில்தான் என்பதால், உளியால் குத்திப் பாருங்கள். ஒன்றிரண்டு கட்டைகள் மட்டும் கெட்டிருந்தால் முட்டுக் கொடுத்து அவற்றை மட்டும் மாற்றலாம். தண்ணீர்த் தொட்டியை அந்தக் கூரைமேல் வைக்காதீர்கள். 1,000 லிட்டர் தண்ணீரின் எடையே ஒரு டன். தனித் தூண்கள் எழுப்பி அவற்றின்மேல் வையுங்கள்.

பதில்: பத்திர எழுத்தர், வேலூர்

செலவு செய்யுமுன் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்து, பட்டா யார் பெயரில் உள்ளது என்றும் பாருங்கள். வீடு தாத்தாவின் சுயார்ஜிதமாக (அவரே சம்பாதித்த சொத்தாக) இருந்து, அவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் அத்தைமார்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் சம்மதித்தால், தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வாய்மொழிச் சம்மதம் வங்கிக் கடனுக்கு உதவாது.

பதில்: ஆரணி மருமகள்

பொறியாளர் ஐயா சொல்வது சரியே என்றாலும், வாடகையும் கொடுத்துக்கொண்டு ஒரு கோடை முழுவதும் காத்திருப்பது எல்லோருக்கும் இயலாது. நாங்கள் ஒழுக்கில்லாத முன்கட்டில் முதலில் குடியேறி, பின்கட்டைப் பிறகு செய்தோம். குளியலறையையும் கழிவறையையும் பழைய சுவரை ஒட்டாமல் புழக்கடையில் தனியாகக் கட்டி, அம்மா இரவில் படியிறங்காமல் போய்வரச் சமமான நடைபாதை அமையுங்கள். மின்கம்பிக்காகச் சுவரை வெட்ட வேண்டாம். சுவரின் மேலேயே குழாய் பொருத்தி, எர்த் புதிதாகப் போடுங்கள். முற்றத்துக்கு மேலே கம்பி வலை அடித்தால் குரங்கும் வராது, வெளிச்சமும் குறையாது.

பாலாற்றங்கரையான்

அனைவருக்கும் நன்றி. அத்தைமார்களிடம் இந்த வாரமே பேசுகிறேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை எங்கே தேடுவது?

காட்பாடி பொறியாளர் (ஓய்வு)

பழங்கோயில்களில் திருப்பணி நடக்கும் இடங்களில் விசாரியுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துக் காரை கலக்கும் பக்குவம் அங்கே வேலை செய்பவர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மொத்த வேலையையும் உடனே ஒப்பந்தம் பேசாமல், பின்கட்டில் ஒரு சிறு சுவரை மட்டும் பூசச் சொல்லி, நன்றாகக் காய்ந்த பின் வெடிப்பு விழுகிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.