நான்காம் மாடிக் குழு: ஞாயிறு கெராச்சுட் நடை

*வியாழன்*

சரசு அக்கா, இரவு 8.10
எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு கெராச்சுட் கடற்கரைக்கு நடை உறுதி. காலை 7 மணிக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் கூடுவோம். எட்டு மணிக்கு தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்கா வாசலில் வழிகாட்டி நிற்பார். அலுவலகத்தில் ஒவ்வொருவர் பெயரையும் பதிய வேண்டும், அடையாள அட்டை மறக்காதீர்கள். பசியாறிவிட்டே வாருங்கள், உள்ளே கடை கிடையாது.

முனியாண்டி அண்ணன், 8.14
எட்டு மணிக்கே எதற்கு சரசு? ஒன்பதுக்குப் போனால் ஆகாதா?

சரசு அக்கா, 8.17
அக்டோபர் மாதம் அண்ணே. மத்தியானத்துக்கு மேல் மழை எப்போது கொட்டும் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஏற்றத்தில் மரத்தின் வேர்கள்தான் படிக்கட்டு. நனைந்தால் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள்.

தேவி, 8.21
அக்கா, அதற்குப் பதில் குரங்குக் கடற்கரைக்குப் போகலாமே? கடலைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். யாழினிக்கு ஏழு வயதுதான், குன்று ஏறுவாளா?

சரசு அக்கா, 8.29
இரண்டுக்கும் தொடக்கம் ஒரே பாதைதான், கடலை ஒட்டியே போகும். கொஞ்ச தூரத்தில் பிரியும். வலப்பக்கம் போனால் கரையை விடாமல் தெலுக் அலிங் வழியாகக் குரங்குக் கடற்கரை. இடப்பக்கம் காட்டுக்குள் ஏறி மறுபக்கம் இறங்கினால் கெராச்சுட். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். நமக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
நான் கெராச்சுட் என்று சொல்வதற்குக் காரணம் ஆமைக் காப்பகம். பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும். காடும் அந்தப் பக்கம்தான் அடர்த்தி, வெயில் தெரியாது. யாழினி கட்டாயம் ஏறுவாள், நான் அவள் கூடவே நடக்கிறேன்.

கலா, 8.40
அத்தையும் வருகிறேன் என்கிறார்கள். முட்டி வலியோடு எப்படி? வேண்டாம் என்று நீங்களாவது சொல்லுங்கள் அக்கா.

லட்சுமி மாமி, 8.43
எனக்குக் காடு புதுசில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவள். ஆமையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சரசு அக்கா, 8.50
மாமி, நீங்கள் வருகிறீர்கள். பூங்கா வாசல் படகுத்துறையிலிருந்து கெராச்சுட்டுக்கு நேராகப் படகு போகிறது. கலா, நீ மாமியோடு படகில் வா. நாங்கள் நடந்து வந்து சேர்கிறோம். திரும்பும்போது எல்லாருமே படகுதான். அலை அதிகமாக இருந்தால் படகு ஓட்ட மாட்டார்கள், அதனால் காலையில் கரையில் கடலைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

கலா, 8.52
சரி அக்கா. இது நல்ல யோசனை.

*சனி*

சரசு அக்கா, மாலை 6.05
கடைசியாகச் சில விஷயங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள சப்பாத்து. சாப்பாட்டை பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிட்டு வராதீர்கள். குரங்குகளுக்கு அந்தப் பை சலசலப்பு நன்றாகத் தெரியும், பாய்ந்து பிடுங்கும். எல்லாம் முதுகுப் பைக்குள், ஜிப் போட்டு. பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் ஒரு கடலைகூடப் போடக் கூடாது. மனிதன் கையில் தின்று பழகிய குரங்குதான் பிறகு கடிக்கிறது.
கடலில் யாரும் இறங்க வேண்டாம். கெராச்சுட்டில் சொறிமீன் உண்டு.
நடையின் வேகம் கடைசியில் வருபவரின் வேகம். வழிகாட்டி முன்னால், முனியாண்டி அண்ணன் பின்னால். அண்ணனுக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது.

முனியாண்டி அண்ணன், 6.11
பொறுப்பு என்னுடையது.

*ஞாயிறு*

கலா, காலை 9.02
நாங்கள் சேர்ந்துவிட்டோம். கடல் அமைதி. மாமி மணலில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

தேவி, மாலை 5.30
வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு எழுதுகிறேன். வழிகாட்டி ஐயா ஒரு மரத்தடியில் நின்று, மேலே பாருங்கள் என்று சைகை காட்டினார். ஐந்து நிமிடம் எனக்கு மரப்பட்டை மட்டும்தான் தெரிந்தது. யாழினிதான் முதலில் கண்டுபிடித்தாள். குபோங் என்ற மர விலங்கு, மரத்தோடு ஒட்டிக்கொண்டு தூங்கியது. சாம்பலில் வெள்ளைப் புள்ளி, பாசி படிந்த பட்டை மாதிரியே. மூச்சு விடும்போது முதுகு ஏறி இறங்கியதைப் பார்த்தபிறகுதான் எனக்கே உயிருள்ளது என்று தெரிந்தது. இரவில் கை கால்களுக்கு நடுவில் உள்ள தோலை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து போகுமாம். வேகமாக நடந்திருந்தால் தாண்டிப் போயிருப்போம்.

கவின், 5.38
எனக்குப் பிடித்தது கெராச்சுட் கரையோரத்து ஏரிதான். மேலே ஓடையிலிருந்து வரும் நல்ல தண்ணீர், அடியில் கடல் தண்ணீர், இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கிறது. உப்புத் தண்ணீர் கனம் என்பதால் கீழேயே தங்கிவிடுகிறது. மழை இல்லாத மாதங்களில் போனால் வற்றிக் கிடக்குமாம். நாம் போன நேரம் தண்ணீர் இருந்தது.

லட்சுமி மாமி, 6.02
கலா தட்டச்சு செய்கிறாள், நான் சொல்கிறேன். மீன்வளத் துறைப் பையன் பொறுமையாக விளக்கினான். பேராமை இரவில் கரையேறி, குழி தோண்டி, ஒரே தடவையில் நூறு முட்டை போல இட்டுவிட்டுப் போய்விடும். அவர்கள் அதை எடுத்து வேலி போட்ட மணலில் புதைத்து, ஒவ்வொரு குழிக்கும் தேதி எழுதி நட்டிருக்கிறார்கள். பொரிக்க இரண்டு மாதம் ஆகிறது. மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சு, குளிர்ந்தால் ஆண். வெயில் கூடிக்கொண்டே போனால் ஆண் குஞ்சே இல்லாமல் போய்விடும் என்றான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. கரையில் விளக்கு எரிந்தால் தாய் ஆமை ஏறாமலே திரும்பிவிடுமாம். அங்கே இரவு தங்குகிறவர்கள் டார்ச் அடித்துத் திரியக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லுங்கள்.

சரசு அக்கா, 6.10
கட்டாயம் சொல்வோம் மாமி. என் தங்கை மகன் அடுத்த மாதம் நண்பர்களோடு கூடாரம் போடப் போகிறான், இதை அப்படியே அவனுக்கு அனுப்பிவிட்டேன்.

கவின், 6.15
அக்கா, அடுத்து முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் போகலாமா? 1883இல் கட்டியது என்று பலகையில் இருந்தது.

சரசு அக்கா, 6.21
போகலாம், ஆனால் தீபாவளி முடிந்து, மழையும் விடட்டும். ஜனவரி, பிப்ரவரி சரியாக இருக்கும். குரங்குக் கடற்கரையிலிருந்து மேலே ஏறுவது நல்ல செங்குத்து, இன்று நடந்ததைவிடக் கடினம். அதற்குள் நீயும் உன் அப்பாவும் வாரம் இரண்டு நாள் மாடிப்படி ஏறுங்கள். படகுக் காசு இன்னும் இரண்டு வீடு பாக்கி, நாளைக்குள் கொடுத்துவிடுங்கள்.

முனியாண்டி அண்ணன், 6.24
எங்கள் வீட்டுக் காசை இப்போதே அனுப்பிவிட்டேன், பார்த்துச் சொல்.