திரையில் ஒரு பட்டா, தரையில் ஒரு வரப்பு: இணையத்தில் நில ஆவணம் பார்த்தவர்களின் அனுபவங்கள்

பூர்வீகம் தென்காசிப் பக்கம், வசிப்பது புனே

அப்பாவின் காலத்துக்குப் பிறகு ஊரில் இருக்கும் நிலத்தை அண்ணன், நான், தங்கை மூவரும் பாகம் பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. போவதற்கு முன் பட்டாவைப் பார்த்துவிடலாம் என்று இணையத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்துப் புல எண்ணைக் கொடுத்தேன். கட்டணம் கிடையாது, கைப்பேசிக்கு வரும் கடவு எண் போதும். ‘நில உரிமை விபரங்கள்’ என்ற தலைப்பின் கீழே உரிமையாளர் பெயர்கள். அப்பா பெயர், பெரியப்பா பெயர், மூன்றாவதாக எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்படாத ஒரு பெயர்.

அண்ணன் கொதித்துவிட்டார். யாரோ பணம் கொடுத்துப் பெயரை ஏற்றியிருக்கிறார்கள், நேரே போலீஸில் புகார் கொடுக்க வேண்டும் என்றார். பட்டாவில் பெயரையும் பரப்பையும் பார்த்ததோடு மூடிவிடுவதுதான் பலருடைய வழக்கம். வலது ஓரத்தில் ‘குறிப்புரைகள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெயர் மாற்றம் எந்த உத்தரவின்படி, எந்தத் தேதியில் நடந்தது என்பது அதில்தான் இருக்கும். எங்கள் பட்டாவில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு பதிவுத்துறைத் தளத்தில் அதே புல எண்ணுக்கு வில்லங்கம், அதாவது பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பார்த்தேன். 1994-இல் பெரியப்பா தன் பாகத்திலிருந்து 32 சென்ட் விற்ற கிரையப் பத்திரம் வந்து நின்றது. வாங்கியவருடைய மகன்தான் அந்த மூன்றாவது பெயர். திருட்டும் இல்லை, புரட்டும் இல்லை. பெரியப்பா வீட்டில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வில்லங்கம் அங்கே தீர்ந்தது, தலைவலி அடுத்த பக்கத்தில் தொடங்கியது. பட்டாவில் பரப்பு, ஹெக்டேர்-ஏர் கணக்கில், 0-81.00. அதாவது 81 ஏர், 2.47-ஆல் பெருக்கினால் 200 சென்ட், இரண்டு ஏக்கர். 32 சென்ட் கைமாறியும் உட்பிரிவு செய்யாமல், அதாவது அதற்குத் தனி எண் கொடுத்துப் பிரிக்காமல், கூட்டுப் பட்டாவாகவே விட்டுவிட்டார்கள். புலப்படத்தை, அதாவது நிலத்தின் அளவு வரைபடத்தை, இறக்கினால் உள்ளே ஒரு கோடு கூட இல்லை. பத்திர நகலில் நான்கெல்லை ‘வண்டிப்பாதைக்குத் தெற்கு, விற்பவரின் மீதி நிலத்துக்கு வடக்கு’ என்கிறது. ஆக, அவர்கள் வாங்கியது வடக்கோரம். ஆனால் இத்தனை காலமும் அவர்கள் உழுது வருவது தெற்கே, கிணற்றை ஒட்டிய துண்டு. விற்றவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. இரண்டு பேரும் வாய்ப்பேச்சில் இடம் மாற்றிக்கொண்டார்களா என்று யாரைக் கேட்பது? இப்படி ஒரு நிலைமையைக் கடந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நில அளவர்

தம்பி, கூட்டுப் பட்டாவில் கோடு இல்லாதது பிழை அல்ல. உட்பிரிவு செய்யச் சொல்லி யாரும் மனுக் கொடுக்காதவரை புலம் முழுசாகத்தான் இருக்கும். உங்கள் பிரச்சினை சர்வே பிரச்சினையே இல்லை. எது யாருடையது என்று நீங்கள் இரு குடும்பமும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அளந்து கல் நடுவது ஒரு காலை வேலை. ஒத்துக்கொள்ளாவிட்டால் நில அளவர் வந்தும் பயனில்லை. உரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது, அது சிவில் நீதிமன்றத்தின் வேலை. இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளும் பரிவர்த்தனைப் பத்திரம் ஒன்று எழுதிப் பதிந்துவிட்டு, பிறகு உட்பிரிவுக்குப் போடுங்கள். கிணற்றுப் பங்கையும் நீர் இறைக்கும் முறையையும் அந்தப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பின்னால் வழக்கு வருவது பெரும்பாலும் கிணற்றுக்காகத்தான்.

புலப்படம் பற்றி எல்லாருக்கும் ஒரு வார்த்தை. அலுவலகங்களில் இருந்த பழைய படங்களில் அளவுகள் சங்கிலிக் கணக்கில், லிங்க்ஸில் இருக்கும். நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, 66 அடி. இப்போது கணினியில் வரும் படத்தில் மீட்டர். பழைய நகலில் 200 என்று இருக்கும் வரப்பு புதிய படத்தில் 40.2 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான், 132 அடி. இது தெரியாமல், எண்ணைப் பார்த்துவிட்டு ‘நிலம் சுருங்கிவிட்டது’ என்று அலறிக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். மூலைகளை இணைத்து உள்ளே முக்கோணம் முக்கோணமாக ஓடுவது ஜி-லைன். அது எல்லை அல்ல, அளப்பதற்கான கோடு. அதிலிருந்து இருபுறமும் பிரியும் சிறு அளவுகள்தான் வளைந்து போகும் வரப்பின் உருவத்தைக் கொடுக்கின்றன. எல்லை என்பது வெளிக்கோடு.

இன்னொரு தொல்லை, செயற்கைக்கோள் படத்தின் மேல் புலப்படத்தை ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்துக்காரர் நான்கு அடி உள்ளே வந்துவிட்டார் என்று சண்டைக்குப் போவது. கைப்பேசி காட்டும் இடமே திறந்த வெளியில் சில மீட்டர் தவறும். அதை வைத்து அடிக் கணக்கில் பேச முடியுமா? நாங்கள் அளக்கும்போது பக்கத்து வேலியிலிருந்து தொடங்கமாட்டோம். அசையாத பழைய கற்களைத் தேடிப் பிடித்து, அவை ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று சோதித்த பிறகுதான் உங்கள் புலத்துக்குள்ளே வருவோம். கல் பாதி புதைந்து கிடக்கும், சில ஊர்களில் துணி துவைக்கும் கல்லாகவே போயிருக்கும். அத்து (எல்லை) காட்ட மனுக் கொடுப்பதை இப்போது இணையத்திலேயே செய்யலாம்.

செங்கல்பட்டு அருகே மனை தேடியவர்

எனக்கு நேர்ந்தது வாங்கும் கதை. வில்லங்கச் சான்று சுத்தம், பட்டா விற்பவர் பெயரில், விலையும் கட்டுப்படியாகும் விலை. தரகர் சான்றின் அச்சுப் பிரதியைக் காரின் முன்பலகையில் விரித்துவைத்து, “இதற்கு மேல் என்ன சார் பார்க்கப் போகிறீர்கள்?” என்றார்.

இரவு வீட்டில் உட்கார்ந்து அந்தப் புல எண்ணை மட்டும் பார்க்காமல், அதைச் சுற்றியுள்ள எண்களுக்கும் அ-பதிவேட்டை, ஒவ்வொரு புல எண்ணும் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் பதிவேட்டை, திறந்தேன். கிழக்கே ஒட்டியிருக்கும் எண்ணுக்கு உரிமையாளர் இடத்தில் ‘வாய்க்கால்’ என்று இருந்தது. அரசு புறம்போக்கு. புலப்படத்தில் அது நீளமான பட்டையாக வடக்கும் தெற்குமாக ஓடுகிறது. ஆனால் நான் பகலில் நின்று பார்த்த இடத்தில் வாய்க்காலே இல்லை. மண் அடித்துச் சமப்படுத்தி, ‘முப்பது அடிச் சாலை’ என்று சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். மனைக்குக் காட்டிய கிழக்குக் கல் அந்தச் சாலையின் ஓரத்தில் இருந்தது. மேற்கு எல்லையிலிருந்து படத்தின் அளவை நாடா வைத்துப் பிடித்தபோது கல் வாய்க்காலுக்குள் நின்றது. தரகரிடம் கேட்டேன். “தண்ணீர் வந்தே பல வருடமாகிவிட்டது சார்” என்றார். நீர் வருகிறதா என்பதா கேள்வி? பதிவேட்டில் வாய்க்கால் என்று இருக்கும்வரை அது வாய்க்கால்தான். முன்பணம் கொடுக்காததால் தப்பித்தேன். பக்கத்து எண்ணைப் பார்க்கும் பழக்கம் மட்டும் இல்லாமலிருந்தால் வில்லங்கச் சான்று என்னைக் காப்பாற்றியிருக்காது. அது பதிவான பத்திரங்களைத்தான் சொல்லும். தரையில் யார் எதை மூடினார்கள் என்று சொல்லாது.

உயிலும் அதில் வராது. உயில் பதிவானாலும் வேறு புத்தகத்தில் போகிறது. நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் வழக்கும் பெரும்பாலும் தெரியாது. இதை எனக்குச் சொன்னவர் ஒரு பத்திர எழுத்தர். தரகரிடமிருந்து வந்திருக்க வேண்டிய தகவல்.

திருச்சியில் பிறந்து மஸ்கட்டில் இருப்பவர்

புனேக்காரர் அண்ணா, உங்கள் தங்கையின் பெயரை மறந்துவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அப்பா இறந்த பிறகு எங்கள் பட்டாவை இங்கிருந்தே பார்த்தேன். இரண்டு தம்பிகளின் பெயர் மட்டும் இருந்தது. வாரிசுச் சான்றிதழில் என் பெயரும் இருக்கிறது. அந்தச் சான்றை வைத்துத்தான் பெயர் மாற்றமே நடந்திருக்கிறது. எங்கோ ஒரு மேசையில் ஒருவர் கழன்று விழுந்திருக்கிறார், அந்த ஒருவர் எப்போதும் மகளாகவே இருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. தம்பியிடம் கேட்டபோது, “அக்கா, பட்டாதானே, பங்கு எங்கே போய்விடும்?” என்றான். சட்டப்படி அவன் சொன்னது சரிதான். பட்டா வரி கட்டுவதற்கான பதிவே தவிர உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் உரிமை வந்துவிட்டது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. ஆனால் இரண்டு பெயர் மட்டும் இருக்கும் பட்டாவைக் காட்டி நாளை அவர்கள் கடன் வாங்கினாலோ விற்றாலோ, பங்கைத் தேடி அலையப்போவது நான். கோட்டாட்சியருக்கு மேல்முறையீட்டு மனு அனுப்பினேன். தம்பி பேசாமல் இருந்த மாதங்களைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை. இப்போது பட்டாவில் மூன்று பெயர் இருக்கிறது.

விழுப்புரம் மாவட்ட விவசாயி

கணினியில் இருப்பதே மூலம் என்று நினைப்பவர்களுக்காக எங்கள் வீட்டுக் கதை. 1979-இல் தொடங்கி 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம் ஊர் ஊராக நடந்ததே, யூ.டி.ஆர். என்று சொல்வோம், அப்போது எழுதிய பதிவேடுகள்தான் பின்னாளில் கணினிக்கு ஏறின. அன்று கை தவறி எழுதியது இன்று எழுத்துப் பிசகாமல் திரையில் தெரிகிறது.

தாத்தா வாங்கிய புலத்தை அந்தச் சமயத்தில் இரண்டு உட்பிரிவாக்கினார்கள். ஒன்று தாத்தா பெயரில் சரியாக வந்தது. மற்றொன்றில் அவர் பெயரேதான், தகப்பனார் பெயர் மட்டும் வேறு. அது பக்கத்து நிலத்துக்காரருடைய தகப்பனார் பெயர். ஊரில் ஒரே பெயரில் இரண்டு பெரியவர்கள் இருந்ததால் வந்த வினை. இரண்டு குடும்பத்துக்கும் விஷயம் தெரியும், யாரும் பொருட்படுத்தவில்லை. அவரவர் நிலத்தை அவரவர் உழுதோம். எல்லாம் இணையத்தில் வந்த பிறகு, சென்னையில் வேலை பார்க்கும் அவர்கள் வீட்டுப் பேரன் திரையைக் காட்டி, “பட்டா நம் பெயரில் இருக்கும்போது அவர்கள் ஏன் பயிர் வைக்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறான். அவன் அப்பா பதில் சொல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, “என் காலத்திலேயே இதை மாற்றிவிடு, எனக்குப் பிறகு இவன் ஒத்துக்கொள்ளமாட்டான்” என்றார்.

திருத்தம் கேட்டு வருவாய்த் துறைக்கு மனுப் போட்டோம். திரையில் கிடைப்பது இன்றைய நிலை மட்டும். பழைய அ-பதிவேடு, பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டு விவரம் எல்லாம் சான்றிட்ட நகலாக வாங்க வேண்டியிருந்தது. தாத்தாவின் பத்திரம், தீர்வை கட்டிய ரசீதுகள், அந்தப் பெரியவரின் வாக்குமூலம் எல்லாம் சேர்ந்துதான் வேலை முடிந்தது. அவர் வராமலிருந்தால் நீதிமன்றம்தான்.

வில்லங்கம் பார்க்கும் எல்லாருக்கும் ஒன்று: பழைய எண்ணுக்கும் போடுங்கள், புதிய எண்ணுக்கும் போடுங்கள், உட்பிரிவு இல்லாமலும் ஒருமுறை போடுங்கள். எங்கள் தாத்தாவின் பத்திரத்தில் உட்பிரிவே எழுதவில்லை. இப்போதைய எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால் அவர் நிலம் வாங்கியதற்கான தடயமே வராது.

புனேக்காரர்

அளவர் ஐயாவுக்கு நன்றி. ஊருக்குப் போய் அவர்கள் வீட்டில் பேசினோம். எதிர்பார்த்த சண்டை நடக்கவில்லை. அவர்களுக்கும் வங்கிக் கடனுக்குத் தனிப்பட்டா தேவைப்படுகிறது. தெற்குத் துண்டை அவர்களே வைத்துக்கொள்வது, வடக்கை எங்களுக்கு எழுதுவது என்று பேச்சு. கிணற்றில் முறை வைத்து இறைப்பது பற்றித்தான் இன்னும் இழுபறி. பத்திரத்தில் பாத்தியதை என்று மட்டும் எழுதினால் போதுமா, கிழமையும் நேரமும் எழுத வேண்டுமா?

ஓய்வுபெற்ற நில அளவர்

கிழமை எழுதுங்கள், மோட்டார் யாருடையது, மின் இணைப்பு யார் பெயரில் என்பதையும் எழுதுங்கள். கிணற்றுக்குப் போகும் நடைபாதையின் அகலத்தை மீட்டரில் போட்டு, அதை உட்பிரிவு மனுவோடு வரைபடமாக இணையுங்கள். உங்கள் தங்கையும் கையெழுத்துப் போட வேண்டும்.