மேடையில் வரும் பாட்டிக்குப் பசியே எடுக்காதா?

செந்தூல்வாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவுக்காக 40 நிமிட மேடை நாடகம் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய (மரத்தைச் சீவிப் பால் எடுத்த) ஒரு பெண், இப்போது 67 வயதில், கோலாலம்பூரின் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இளைய மகனோடு வாழ்கிறார். அந்த வீட்டை விற்பதா வேண்டாமா என்று பிள்ளைகள் சண்டையிடுகிறார்கள். மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்றாவது பிரதியை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாருக்கும் சோறு போட்டுக்கிட்டே இருக்காளே, இந்தக் கிழவிக்குப் பசியே எடுக்காதா?” என்றார்.

பிறகு பிரதியைப் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் பேசுவதெல்லாம் ஒன்று அறிவுரையாக இருக்கிறது, இல்லாவிட்டால் அழுகையாக இருக்கிறது. தனக்கென்று அவர் எதையும் கேட்கவில்லை. ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லவில்லை. சிறு வயது முதல் நான் பார்த்த நாடகங்களிலிருந்தும் தொடர்களிலிருந்தும்தான் இந்தப் பாட்டி என் பேனாவுக்குள் வந்திருக்க வேண்டும். முதிய பெண்ணை முழு மனுஷியாகக் காட்டிய படைப்புகள் எவை, அவை அதை எப்படிச் சாதித்தன என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வசனம் எழுதுபவர், கோலாலம்பூர்

தொலைக்காட்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாள்தோறும் வரும் தொடரில் ஒவ்வொரு பகுதியும் ஒரு மோதலில் முடிய வேண்டும் என்ற கட்டாயம் இருப்பதால், மாமியார் மிக விரைவில் வெறும் கருவியாகிவிடுகிறார். 2002 முதல் 2005 வரை ‘மெட்டி ஒலி’ ஓடியபோது எங்கள் வீட்டில் அதில் வரும் மாமியாரைத் திட்டாத நாளில்லை; ஆனால் அந்தப் பெண்ணின் மனத்தில் என்ன பயம் இருந்தது என்று நாங்கள் ஒருவரும் பேசிக்கொண்டதில்லை. சினிமாவிலும் நிலை இதுதான். 1985இல் வந்த ‘முதல் மரியாதை’ ஒரு முதியவரின் மனத்தை அவ்வளவு பரிவோடு திறந்து காட்டியது; அவருடைய மனைவியாக நடித்த வடிவுக்கரசிக்கு அப்போது இருபதுகளில்தான் வயது. அவர் நடிப்பில் குறையே இல்லை. ஆனால் ஆணின் முதுமைக்கு ஒரு கதையும் பெண்ணின் முதுமைக்கு ஓர் ஒப்பனையும் போதும் என்ற பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது.

பட்டர்வொர்த் ஆசிரியை

தம்பி, உங்கள் அம்மா கேட்ட கேள்வியை நாடகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

இப்படிப்பட்ட பெண்கள் நம் மரபில் இல்லாதவர்கள் அல்லர். கர்ணனைத் தேடிவரும் குந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றவுடன் ஆற்றில் விட்ட பிள்ளையிடம், போர் நெருங்கிய பிறகு, தாய் என்று சொல்லிக்கொண்டு வருகிறார். வந்த இடத்தில் நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை தொடுக்கக் கூடாது என்று வரமும் வாங்கிக்கொள்கிறார். அவர் பாசத்தோடு வந்தாரா, கணக்கோடு வந்தாரா? இரண்டோடும்தான் வந்தார், அதனால்தான் கூத்தில் அவருடைய ஒப்பாரி நம்மைக் கலக்குகிறது. புறநானூற்றின் 277ஆம் பாடலில் கொக்கின் தூவி போல் நரைத்த கூந்தலை உடைய ஒரு தாய், மகன் களிற்றை வீழ்த்தி இறந்தான் என்று கேட்டு, அவனைப் பெற்ற நாளைவிட மகிழ்கிறார்; அதே நொடியில் அவருடைய கண்ணீர் மூங்கிலில் தங்கிச் சொட்டும் மழைத்துளிகளை விட மிகுதியாக இருக்கிறது. ஆறே அடிகளில் அந்த இரண்டையும் சமாதானப்படுத்தாமல் அருகருகே வைத்திருக்கிறார் புலவர்.

ஔவையாரையும் சொல்ல வேண்டும். 1953ஆம் ஆண்டுப் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நடித்த ஔவை, திருமணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறவர். ஊர் ஊராகப் போகவும் அரசனை எதிர்த்துப் பேசவும் நரைதான் அவருக்கு விடுதலை தருகிறது. 1933இல் கணவர் கிட்டப்பாவை இழந்த பின் வெள்ளை உடையிலேயே வாழ்ந்த சுந்தராம்பாளின் குரலில் அதைக் கேட்கும்போது அது வெறும் புராணமாக எனக்குப் படவில்லை. பிற்காலத்தில் இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய ‘ஔவை’ நாடகம் அந்தக் கிழவி வேடத்தையே கேள்விக்கு உட்படுத்தி, கள்ளும் பாட்டும் நட்புமாக வாழ்ந்த சங்கப் பாணரை மீட்டெடுத்தது.

ஆனால் உங்கள் நாடகத்துக்கு நான் தர விரும்புவது எங்கள் தோட்டத்து ஆயாவை. பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்கு (காலையில் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போனதும் எங்களை ஆயாக்கொட்டகையில் விட்டுவிடுவார்கள். உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள் தொங்கும். ஆயா தரையில் அமர்ந்து ஒரு காலால் ஒரு தூளியை ஆட்டிக்கொண்டே, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணுவார். அவர் வட்டிக்குக் கொடுப்பவர். சம்பள நாளன்று, எந்தக் குழந்தையை மடியில் போட்டு வயிற்றுவலிக்கு ஓமத்தண்ணீர் புகட்டினாரோ அந்தக் குழந்தையின் தாயை வாசலில் நிறுத்தி, ஒரு வெள்ளிகூட விடாமல் வாங்குவார். எங்களை அவர் நேசித்ததும் உண்மை, எங்கள் அம்மாக்கள் அவருக்குப் பயந்ததும் உண்மை. இத்தனை ஆண்டுகளில் எந்த மேடையிலும் நான் அவரைப் பார்த்ததில்லை.

பினாங்கு மேடைக்காரி

எனக்கு 61 வயது. பாட்டி வேடம் போடத் தொடங்கியபோது 34. தலையில் வெள்ளைப் பவுடர், கையில் கோல், இரண்டு இருமல், அவ்வளவுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். இப்போது உண்மையான முழங்கால் வலியோடு நடிக்கிறேன்; வலி உள்ளவர்கள் அதை மறைக்கத்தான் பார்ப்பார்கள், காட்டுவதற்கல்ல. உங்கள் நாயகியை ஒருமுறையாவது யாரும் இல்லாத மேடையில் உட்கார வையுங்கள், எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரம் கொடுங்கள்.

இன்னொன்று, அவருடைய இளமையையும் எழுதிப் பாருங்கள். ஜானகி ஆதிநாகப்பன் 1943இல் தமது 18ஆம் வயதில், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பெண்கள் பிரிவாக இருந்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர், 2014 வரை நம்மிடையே வாழ்ந்தார். துப்பாக்கி ஏந்திய பெண்கள் இந்த நாட்டில் பாட்டிகளாகி நடமாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நான் மேடையில் வெற்றிலை இடித்துக்கொண்டு “நல்லா இரு ராசா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

செந்தூல்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு இரண்டாம் காட்சியைத் திருப்பி எழுதினேன். 55 வயதில் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணம் முழுவதும் அப்பாவின் மருத்துவத்துக்கே போய்விட்டதாக நாயகி தன் பிள்ளைகளிடம் சொல்லி வந்திருக்கிறார். உண்மையில் அதில் ஒரு பங்கைத் தோட்டத்துத் தோழி ஒருத்திக்கு வட்டிக்குக் கொடுத்து, திரும்ப வாங்கி, யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறார். எதற்காக என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. ஆசிரியை அம்மா, ஒரு சந்தேகம்: உங்கள் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? கணக்கை எப்படி வைத்திருந்தார்?

பட்டர்வொர்த் ஆசிரியை

எழுதத் தெரியாது, தம்பி. கொட்டகைத் தூணில் ஆளுக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கரியால் கோடு போட்டு வைப்பார். அடைத்தவரின் கோட்டை, அவர் கண் முன்னாலேயே, எச்சில் தொட்ட விரலால் அழிப்பார்.